டிரம் போயிருச்சுங்களா? ஜெராக்ஸ் மிஷினில் புள்ளி, கோடு, மங்கல் வந்தால் எங்கிருந்து பார்ப்பது

திருப்பூர், பல்லடம், அவிநாசி, பெருந்துறை, ஈரோடு. இந்த வட்டத்துக்குள்தான் என் வண்டி ஓடும். ஜெராக்ஸ் கடை, மில் ஆபீஸ், பனியன் கம்பெனி என்று எங்கே மிஷின் மக்கர் செய்தாலும் காலையிலேயே போன் வந்துவிடும். பேசுகிறவர் கோளாறைச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "ஏனுங்ண்ணா, டிரம் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

போயிருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் டிரம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு கண்ணாடியைத் துடைத்திருக்க மாட்டார்கள், இல்லை ஈரத் தாளைப் போட்டிருப்பார்கள். அதற்குள் சிலர் ஆன்லைனில் டிரம் வாங்கி மாட்டியும் இருப்பார்கள். கோளாறு அப்படியே இருக்கும், காசு மட்டும் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்கு என்கிற வரிசையில் பாருங்கள்.

டிரம்மைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். டோனர் என்கிற கறுப்புத் தூள் எழுத்தாக முதலில் ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறுகிற அலுமினியக் குழாய் அது. அதன்மேல் அடிப்பூச்சு ஒன்று. அதற்கு மேல் ஒளி பட்டால் மின்னூட்டத்தை உண்டாக்கும் நிறமிப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மின்னூட்டத்தைக் கடத்துகிற பிளாஸ்டிக் பூச்சு. நடுவில் இருக்கும் நிறமிதான் டிரம்மின் உயிர். பெரும்பாலும் தாலோசயனின் என்கிற கரிம நிறமி. அதைச் சில நூறு நானோமீட்டருக்குள் வரும்படி அரைத்துப் பிசினில் கலந்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் பூசியிருப்பார்கள். டிரம் நீலமாகவோ பச்சையாகவோ தெரிவதற்கு அதுதான் காரணம். திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சரக்கு புதிதில்லை. சாயப்பட்டறையில் டர்காய்ஸ் நிறத்துக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயமும் இந்தக் குடும்பம்தான். சாயத்தில் தாமிரம் சேர்ந்திருக்கும். லேசர் மிஷின் டிரம்களில் டைட்டானியம் சேர்ந்தது அதிகம்.

மேலே உள்ள பிளாஸ்டிக் பூச்சு 20, 30 மைக்ரான்தான். நம் தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். இவ்வளவு மெல்லிய தோலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் காப்பி எடுக்கிறோம். வெளிச்சம், விரல் எண்ணெய், கீறல், ஈரம் இந்த நான்கும் அதற்கு ஆகாது.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

மூன்று சோதனை. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும்.

முதலில், கோளாறு காப்பியில் மட்டுமா, பிரிண்டிலும் வருகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாள் பிரிண்ட் கொடுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் மிஷினுக்குள்ளேயே இருக்கும் செட்டிங் ரிப்போர்ட் ஒன்றை எடுங்கள். பிரிண்ட் சுத்தமாக வந்து காப்பி மட்டும் கெட்டிருந்தால் டிரம்மை மறந்துவிடலாம். கோளாறு மேலே, ஸ்கேனர் பக்கம். கண்ணாடியில் வைத்து எடுத்தால் நன்றாக வருகிறது, மேல் ஃபீடரில் விட்டால்தான் கெட்டு வருகிறது என்றால் இன்னும் சுலபம். ஃபீடருக்கு அடியில் ஒரு விரல் அகலத்தில் இருக்கும் குறுகிய கண்ணாடியைப் பாருங்கள்.

இரண்டாவது, பாதியில் நிறுத்திப் பார்ப்பது. காப்பி கொடுத்துவிட்டு, தாள் பாதி உள்ளே போன நேரத்தில் முன்கதவைத் திறங்கள். மிஷின் நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டிரம் யூனிட்டை மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்வது நல்லது. தாளுக்கு மாறுவதற்கு முன்பு டிரம்மின்மேல் இருக்கும் எழுத்து சுத்தமாக இருந்தால் டிரம் தப்பித்தது. கோளாறு தாளுக்கு மாற்றும் ரோலரிலோ, டோனரைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஹீட்டர் யூனிட்டிலோ, தாளிலோ இருக்கிறது. டிரம்மின் மேலேயே கெட்டிருந்தால் டிரம், அதற்கு மின்னூட்டம் ஏற்றும் சார்ஜ் ரோலர், அதில் டோனரை ஒட்டவைக்கும் டெவலப்பர், ஒளியால் எழுதும் லேசர் இவற்றில் ஒன்று. இதைச் செய்யும்போது ஹீட்டர் யூனிட் பக்கம் கை போகக் கூடாது. அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும்.

மூன்றாவது ஸ்கேல். அதை அடுத்த தலைப்பில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிக காசு வீணாகிற இடம் அதுதான்.

## ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் புள்ளி

தாளில் ஒரு புள்ளி. அதற்கு நேர் கீழே கொஞ்ச தூரம் விட்டு அதே புள்ளி. இன்னும் கொஞ்சம் கீழே அதே புள்ளி. சுற்றுகிற ஏதோ ஓர் உருளையில் ஓர் இடத்தில் கோளாறு என்று அர்த்தம். எந்த உருளை என்பதை இடைவெளி சொல்லிவிடும்.

ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளவு எடுங்கள். உருளையின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றின் நீளம். 24 மி.மீ. டிரம் என்றால் 75 மி.மீ.க்கு ஒரு புள்ளி. 30 மி.மீ. டிரம் என்றால் 94. 40 என்றால் 126. 60 என்றால் 188. பெரிய மிஷின்களில் வரும் 80 மி.மீ. டிரம் 251 மி.மீ.க்கு ஒருமுறைதான் புள்ளி வைக்கும். அது ஏ4 தாளில் ஒன்றோ இரண்டோதான் தெரியும் என்பதால், ஏ3 தாளில் எடுத்து அளந்தால்தான் புரியும்.

இடைவெளி 40 மி.மீ. அளவில் வந்தால் சார்ஜ் ரோலரைச் சந்தேகியுங்கள். அது 12 முதல் 14 மி.மீ. விட்டத்தில் இருக்கும் ஒல்லியான ரப்பர் உருளை. டெவலப்பர் ரோலர் மட்டும் ஏமாற்றும். டிரம்மைவிட வேகமாகச் சுற்றுவதால், அதன் சுற்றளவைவிடக் குறைந்த இடைவெளியில் புள்ளி வரும். அந்தக் கணக்குக்குச் சர்வீஸ் மேனுவல் பார்த்தவர்தான் வேண்டும்.

இடைவெளி டிரம்மோடு ஒத்துப்போகிறதா? சரி, உடனே புது டிரம் வாங்காதீர்கள். டிரம்மை அரை இருட்டில் வெளியே எடுத்து, புள்ளி வருகிற இடத்தைச் சாய்வாகப் பாருங்கள். காகிதத் துணுக்கோ, லேபிள் கோந்தோ, டோனர் கட்டியோ ஒட்டியிருந்தால் அதுதான் காரணம். ஸ்டிக்கர் தாள் ஓட்டுகிற கடைகளில் கோந்து சகஜம். பஞ்சு உதிராத மெத்தென்ற உலர்ந்த துணியால், டிரம் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது. மேல் பூச்சு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கரைப்பான் பட்டால் கரையும், இல்லை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். ஒரு பனியன் கம்பெனியில் எண்ணெய்க் கறை எடுக்கிற ஸ்ப்ரேயை டிரம்மில் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அதில் நான் பார்ப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

துடைத்தும் போகவில்லை, நகத்தால் தடவாமலே தெரிகிற பள்ளமோ வெடிப்போ இருக்கிறது என்றால் அந்த டிரம் முடிந்தது. தோல் கிழிந்த இடத்தில் மின்னூட்டம் நிற்காது, அங்கே டோனர் ஒட்டும், புள்ளி விழும். ஸ்டேப்பிள் பின் உள்ளே போய் விழுந்தாலும் இதே கதிதான். மாற்றும்போது, டிரம்மில் மிஞ்சும் டோனரை வழித்தெடுக்கிற ரப்பர் பிளேடையும் சேர்த்துப் பாருங்கள். பின் இன்னும் உள்ளே கிடந்தால் புது டிரம்மும் ஒரே நாளில் போய்விடும்.

விரல் ரேகை மாதிரியே தெரியும் கறையும் உண்டு. பல்லடத்தில் ஒரு கடைக்காரம்மா, "டிரம்மைத் தொடவே இல்லைங்ண்ணா" என்று சத்தியம் செய்தார். தாளில் அவருடைய கட்டைவிரல் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கை எண்ணெய் புதிதாகப் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் எடுத்து, ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். பழகிப்போனால் எண்ணெய் பூச்சுக்குள் இறங்கிவிடும்.

## தாள் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி

எழுத்து இருக்கிறது, ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்காக இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இந்தக் கோளாறு வந்தால் கடைக்காரருக்குக் கை கால் ஓடாது.

அசலைப் பாருங்கள். பழுப்பேறின பத்திரம், பழைய பட்டா என்றால் அந்தப் பழுப்பைத்தான் மிஷின் சாம்பலாகக் காட்டுகிறது. டென்சிட்டியைக் குறைத்து எடுங்கள். வெள்ளைத் தாளை அசலாக வைத்தாலும் சாம்பல் வருகிறதென்றால் மேலே போகலாம்.

பிரிண்ட் சுத்தமாக இருந்தால் ஸ்கேனர் கண்ணாடிக்கு அடியில் தூசி. ஆடிக் காற்று வீசுகிற மாதங்களில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் எதையும் விட்டுவைக்காது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும், ஒளியைத் திருப்பிவிடுகிற கண்ணாடித் தகடுகளிலும் லென்ஸிலும் மெல்லிய மண் படியும். அதைத் துடைப்பது என் வேலை. மேல் கண்ணாடியைக் கழற்றி நீங்களே துணி விட்டால் கீறல்தான் மிஞ்சும்.

பிரிண்டிலும் சாம்பல் என்றால் அடுத்தது சார்ஜ். டிரம்மின்மேல் ஏறக்குறைய 600 வோல்ட் எதிர்மின்னூட்டம் சீராக நிற்க வேண்டும். சார்ஜ் ரோலரில் டோனரும் தாள் தூளும் அப்பியிருந்தால் அந்த அளவு வராது. வராத இடமெல்லாம் டோனர் ஒட்டும். பழைய மாடலில் ரோலருக்குப் பதில் கொரோனா கம்பி இருக்கும். அதைத் துடைக்க மிஷினிலேயே ஒரு குச்சியோ நெம்போ வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று தடவை உள்ளே வெளியே இழுத்தால் போதும். விசைத்தறிக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆபீஸ்களில் இந்தக் கம்பியில் பஞ்சு மீசை முளைத்திருக்கும். ஈரோட்டில் மஞ்சள் மண்டி பக்கம் ஒரு கமிஷன் கடை. அங்கே கம்பி உட்பட உள்ளே எல்லாமே மஞ்சள் நிறம்.

சார்ஜ் சுத்தம், ஆனாலும் சாம்பல் என்றால் டோனரைப் பாருங்கள். சமீபத்தில் மலிவான லூஸ் டோனர் ஊற்றினீர்களா? டோனர் மாற்றின அன்றைக்கே சாம்பல் ஆரம்பித்திருந்தால் டிரம்மில் கை வைக்காதீர்கள். தனியாக டெவலப்பர் பவுடர் போடும் மிஷினில் அந்தப் பவுடருக்கும் ஆயுள் உண்டு. அதை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. மாற்றிய பிறகு டோனர் சென்சாரைச் சரிக்கட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் டோனர் பொங்கி மிஷின் வயிறு நிறைந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் டிரம்மின் தேய்மானம். அடையாளம் எளிது. டிரம்மின் இரண்டு ஓரங்களிலும், ஏ4 தாள் விளிம்பு ஓடுகிற இடத்திலும் நிறம் வேறாகத் தெரியும். பிளேடு உரசி உரசி மேல் பூச்சு மெலிந்த இடம் அது. பூச்சு மெலிந்தால் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறையும். இன்னும் தேய்ந்து அலுமினியம் மின்னினால் நிறமியே போய்விட்டது. ஏ4 மட்டுமே ஓட்டின டிரம்மில் திடீரென்று ஏ3 போட்டால் தாள் விளிம்பு ஓடின தடத்தில் கோடு விழும், அதுவும் இதே தேய்மானம்தான். இப்போது டிரம் வாங்கலாம்.

புது டிரம்மும் சாம்பல் காட்டினால் ஹை வோல்டேஜ் போர்டு. அதைத் தொடாதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

## நீளவாக்கில் கறுப்புக் கோடு

ஃபீடரில் விட்டால் மட்டும் கோடு என்றால் அந்தக் குறுகிய கண்ணாடியில் ஒரு பொட்டு ஒயிட்னர். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் இது தினமும் வரும். டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் யாராவது ஒயிட்னர் தடவி, காய்வதற்குள் ஃபீடரில் விடுவார்கள். ஈரத்துணியால் துடைத்து, விடாத பொட்டை நகத்தால் சுரண்டுங்கள். முடிந்தது.

பிரிண்டிலும் கோடு வந்தால் கோட்டின் முகத்தைப் பாருங்கள். மயிரிழை மாதிரி கூர்மையாக, எப்போதும் ஒரே இடத்தில் என்றால் டிரம்மில் சுற்றிவரக் கீறல். அழுக்காக, அகலம் மாறி மாறி, சில தாளில் வந்து சில தாளில் வராமல் இருந்தால் பிளேடு. பிளேடின் விளிம்பில் ஒரு பஞ்சு இழை மாட்டினால்கூடப் போதும், அந்த இடைவெளி வழியாக டோனர் கசிந்து கோடாகும். இழையை எடுத்தால் கோடும் போய்விடும். பிளேடு ரப்பர் கடித்தது மாதிரி பிய்ந்திருந்தால் பிளேடை மட்டும் மாற்றலாம். டிரம்மோடு ஒப்பிட்டால் பிளேடு சில்லறைக் காசு.

## நீளவாக்கில் வெள்ளைக் கோடு

டிரம் காரணமாக இருப்பது அபூர்வம். லேசர் வெளியே வருகிற நீளக் கண்ணாடியில் டோனர் தூள் படிந்தால் அந்த இடத்தில் ஒளி டிரம்முக்குப் போகாது. ஒளி படாவிட்டால் நிறமி வேலை செய்யாது, எழுத்து விழாது. பல மிஷின்களில் இந்தக் கண்ணாடியைத் துடைக்கத் தனியாக ஒரு குச்சி கதவுக்குள் சொருகியிருக்கும். மிஷின் வாங்கி ஐந்து வருடம் ஆகியும் அந்தக் குச்சியைப் பார்க்காத கடைக்காரர்கள் உண்டு.

துடைத்தும் கோடு இருந்தால் டெவலப்பர் யூனிட்டில் கட்டி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். லேசர் பெட்டியைத் திறக்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

## காலையில் மட்டும் எழுத்து கலைந்து வருகிறது

மழைக்காலத்தில் பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் மிஷின் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்திலும் வரும். முதல் நாள் சாயங்காலம் மிஷின் நன்றாக ஓடியது. காலையில் முதல் காப்பி எடுத்தால் எழுத்து தண்ணீர் பட்ட மை மாதிரி விரிந்திருக்கிறது, சில இடத்தில் காணவே இல்லை. இருபது முப்பது காப்பி ஓடின பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. பத்தரை மணிக்கு நான் போய்ச் சேரும்போது மிஷின் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கூசுவார். கூச வேண்டியதில்லை, இது உண்மையான கோளாறுதான்.

சார்ஜ் செய்யும்போது ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். இவற்றால் டிரம்மின் மேல் தோலில் ஒரு மெல்லிய படிவு சேரும். உலர்ந்த நாளில் அதனால் தொந்தரவு இல்லை. ஈரம் ஏறினால் அந்தப் படிவு மின்சாரத்தைப் பக்கவாட்டில் கடத்த ஆரம்பித்துவிடும். எழுத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய மின்னூட்டம் நழுவிப் பரவும். அதனால்தான் எழுத்து கரைகிறது. ராத்திரி முழுக்கக் கொரோனா கம்பிக்கு நேர் எதிரே நின்ற பகுதி மட்டும் கெட்டிருந்தால், டிரம் சுற்றளவு இடைவெளியில் ஒரு பட்டையாகத் தெரியும்.

தாளை முதலில் மாற்றிப் பாருங்கள். பிரித்து வைத்த ரீம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது ரீம் பிரித்துப் போட்டதும் சரியாகிவிட்டால் விஷயம் அவ்வளவுதான். மிச்சத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள்.

தாள் காரணமில்லை என்றால் மிஷினின் ஈரம் போக்கும் ஹீட்டரைக் கேளுங்கள். நிறைய மாடல்களில் டிரம்முக்கு அருகிலோ தாள் தட்டுக்கு அடியிலோ சின்ன ஹீட்டர் இருக்கும், அதற்குத் தனி சுவிட்சும் இருக்கும். கரண்டு பில்லுக்குப் பயந்து ராத்திரி பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போகிறவர்கள் இந்த மாதங்களில் மட்டுமாவது ஹீட்டரை விட்டுவையுங்கள். அடுத்து, மிஷினை ஜன்னலோரத்திலிருந்தும் ஜெனரேட்டர் புகை வருகிற பக்கத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். ஓசோன் ஃபில்டர் என்று பின்னால் ஒரு கறுப்புப் பஞ்சு மாதிரி இருக்கும், அது அடைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டிரம்மை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பதும் உதவும்.

இவ்வளவு செய்தும் மத்தியானம் வரைக்கும் கலங்கலாக வருகிறதென்றால் படிவு கெட்டியாகிவிட்டது. டிரம்மை மாற்றுவதுதான் வழி.

## தாள் முழுக்கக் கறுப்பு, அல்லது முழுக்க வெள்ளை

காப்பியில் மட்டும் முழுக் கறுப்பு என்றால் ஸ்கேனர் விளக்கு எரியவில்லை. பிரிண்டிலும் கறுப்பு என்றால் டிரம்மில் சார்ஜ் ஏறவே இல்லை. இதைப் பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து யாருங்க கழற்றிச் சுத்தம் பண்ணுனது?" பெரும்பாலும் யாரோ பண்ணியிருப்பார்கள். கொரோனா யூனிட் முழுதாக உள்ளே போகாமல் நிற்கும், அல்லது டிரம்மின் பக்கவாட்டில் எர்த் கொடுக்கிற தகடு வளைந்திருக்கும். ஒருமுறை கழற்றி, சத்தம் கேட்கிற வரை தள்ளி மாட்டுங்கள். சரியாகாவிட்டால் அதற்கு மேல் ஹை வோல்டேஜ் சமாசாரம், நிறுத்திவிடுங்கள்.

முழு வெள்ளைக்கு: அசலை மறுபக்கமாகத் திருப்பி வைத்தீர்களா? சிரிக்காதீர்கள். புது கார்ட்ரிட்ஜில் சீல் டேப்பை இழுத்தீர்களா? கதவைத் திறந்து டிரம் பல்சக்கரம் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

## முந்தின எழுத்து நிழலாகத் தெரிகிறது

மேலே உள்ள தலைப்பு, கொஞ்சம் கீழே மங்கலாக இன்னொரு தடவை விழும். மறுபடியும் ஸ்கேல். டிரம் சுற்றளவு இடைவெளியில் நிழல் விழுந்தால், முதல் சுற்றில் இருந்த மின்னூட்டம் சரியாக அழியவில்லை, அல்லது டோனர் சரியாகத் துடைபடவில்லை. டிரம் பக்கத்தில் வரிசையாக இருக்கும் அழிப்பு விளக்கில் டோனர் படிந்திருக்கிறதா பாருங்கள். அதைத் துடைத்தாலே நிழல் போவதுண்டு. அடுத்தது பிளேடு. இரண்டும் சரியென்றால் வயதான டிரம்மில் நிறமிப் பூச்சுக்குள்ளேயே மின்னூட்டம் சிக்கிக்கொள்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது.

இடைவெளி ஹீட்டர் ரோலரோடு ஒத்துப்போனால் டிரம் நிரபராதி.

## புது டிரம் போட்ட பிறகும் சரியில்லை

இதற்குத்தான் சண்டை அதிகம் வரும். விற்றவர் மாட்டினவரைச் சொல்வார், மாட்டினவர் விற்றவரைச் சொல்வார்.

வெள்ளை இடத்தில் ஊசி குத்தின மாதிரி நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால், துடைத்தும் போகாவிட்டால், பூச்சே சரியில்லை என்று சந்தேகிக்கலாம். நிறமியைச் சரியாக அரைக்காமல், அல்லது பூசுவதற்குள் அது திரும்பக் கட்டி தட்டிப்போயிருந்தால், அந்தக் கட்டி இருக்கிற இடத்தில் மின்னூட்டம் கசியும். இட்லி மாவில் ஒரு கட்டி உளுந்து மாதிரிதான், ஆனால் இங்கே கட்டி என்பது ஒரு மைக்ரான் இருந்தாலே அதிகம். அடிப்பூச்சு பலவீனமாக இருந்தாலும் இதே புள்ளிதான் வரும். டிரம்மை வெறும் கண்ணால் பார்த்தால் பளபளவென்று அழகாக இருக்கும். காப்பிதான் சாட்சி. அந்தத் தாளையும் டிரம் வந்த பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்து கடையில் திருப்பிக் கொடுங்கள்.

புள்ளி இல்லை, ஒரு பகுதி மட்டும் பட்டையாகக் கறுத்து வருகிறது என்றால் டிரம் வெயில் பார்த்துவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஒளிக்கு வேலை செய்யத்தானே அந்த நிறமியைப் போட்டிருக்கிறார்கள், ட்யூப்லைட் என்றாலும் சூரியன் என்றாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். களைத்துப்போன டிரம்மில் மின்னூட்டம் நிற்காது. கறுப்பு உறையில் சுற்றி, பீரோவுக்குள் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். ட்யூப்லைட்டில் சில நிமிடம் இருந்தது பெரும்பாலும் தேறிவிடும். நேர் வெயிலில் கிடந்தது தேறுவது கஷ்டம்.

மாட்டினவுடன் கீச்சென்று சத்தமா? உடனே நிறுத்துங்கள். புது டிரம்மும் புது பிளேடும் வறண்டு உரசுகின்றன. மாட்டுவதற்கு முன் அதற்கென்று இருக்கும் பவுடரையோ டோனரையோ மெல்லத் தூவியிருக்க வேண்டும். தூவாமல் ஓட்டினால் பிளேடு மடங்கி, டிரம்மைச் சுற்றிவரக் கீறிவிடும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினவரையும் பார்த்திருக்கிறேன். வாசனையாக இருந்தது, டிரம் மூன்று நாளில் போனது.

டிரம் மாற்றிய பிறகு எழுத்து திடீரென்று அதிகக் கறுப்பாகவோ வெளுத்தோ வந்தால், டிரம் எவ்வளவு ஓடியது என்று எண்ணுகிற கவுன்ட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பல மிஷின்கள் டிரம்மின் வயதுக்குத் தக்கபடி மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். புது டிரம்மைப் பழசு என்று நினைத்து அதே அழுத்தத்தைக் கொடுக்கும். கவுன்ட்டர் திருப்பும் வழி ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. சர்வீஸ் மெனுவுக்குள் போய்த் தெரியாத எண்களை மாற்றாதீர்கள், பழைய எண் என்னவென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

## விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறது

டிரம் இல்லை. ஹீட்டர் யூனிட். தாள் அதிக மொத்தமா, ஈரமா என்று பாருங்கள். தாள் வகை செட்டிங்கை மாற்றிப் பாருங்கள். அப்புறம் மெக்கானிக்.

கொட்டின டோனரைத் துடைக்கும்போது குளிர்ந்த தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் டோனர் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அந்தத் தூள் அதன் பையைத் தாண்டி வெளியே வரும்.

## போன் செய்யும்போது

"மிஷின் சரியில்லைங்க" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போன தாளை மேஜையில் வைத்து, பக்கத்தில் ஸ்கேலையும் வைத்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள். தாள் எந்தப் பக்கமாக வெளியே வந்தது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். பிரிண்டிலும் வருகிறதா, எப்போதிருந்து, கடைசியாக என்ன மாற்றினீர்கள், மிஷின் மாடல் என்ன என்று நான்கு வரி எழுதினால் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று எனக்குத் தெரிந்துவிடும். கழற்றின டிரம்மை மட்டும் மேஜைமேல் வைத்து எனக்காகக் காத்திருக்காதீர்கள். கறுப்புத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.